இறங்கி நின்றவர்

திண்டிவனம் கரி பஸ் அன்று அதிசயமாக நேரத்துக்கு வந்தது. அதனால்தான் அப்போது மணி ஐந்து பத்து என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பெட்ரோல் கிடையாது. முதுகில் கரியடுப்பைக் கட்டிக்கொண்டு, மேடு வந்தால் ஆட்களை இறக்கித் தள்ளச் சொல்லி வரும் பஸ் அது. ஐந்து பத்துக்கு வரவேண்டியது ஆறரைக்கு வரும், சில நாள் மறுநாள் காலையில் வரும். அன்று நேரத்துக்கு வந்து செஞ்சிக் கடைத்தெருவில் நின்றது. அது நின்ற அதே சமயத்தில், நூறு கஜம் தள்ளி எங்கள் தெருமுனையில், என் சைக்கிளின் முன்சக்கரக் கம்பிகளுக்குள் என் எட்டு வயது மகளின் வலது கால் போய்விட்டது.

ஐந்தே காலுக்கு நான் ஒரே ஒரு வார்த்தை சொன்னேன்.

கால் குணமாகிவிட்டது. குதிகாலுக்கு மேலே பிறை மாதிரி ஒரு வெள்ளைத் தழும்பு மட்டும் இருக்கிறது. நான் சொன்ன வார்த்தைதான் சொன்ன இடத்திலேயே கிடக்கிறது. அது யார் தலையில் விழுந்ததோ அவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. அவரைக் கேட்காமல் அவரிடமிருந்து எடுத்தது ஏற்கெனவே ஒன்று இருக்கிறது.

அவர் மிஷன் வைத்தியசாலையில் புண் கட்டுகிறவர். டிரஸ்ஸர் என்பார்கள். ஏரிக்கு அப்பால் கன்னியாஸ்திரிகள் நடத்திய அந்த வைத்தியசாலையிலிருந்து தினமும் காலையில் சைக்கிளில் கிளம்புவார். கேரியரில் ஒரு தகரப்பெட்டி இருக்கும். அதில் பஞ்சு, அயோடின், கத்தரி, வெந்நீரில் அவித்துச் சுருட்டிய துணிகள். வல்லம் வரைக்கும் போவார், தளவானூர் போவார், பனமலையில் ஒரு கிழவருக்கு ஆறாத புண் என்று வாரத்துக்கு ஒருமுறை அவ்வளவு தூரமும் மிதிப்பார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மெலிந்த, நெட்டையான உடம்பு. வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி, அது சங்கிலியில் மாட்டாமல் இருக்க ஒரு நாடாவால் சுற்றியிருப்பார். சைக்கிளின் பின் மட்கார்டில் ஒரு வெள்ளைத் துணி சுற்றித் தைத்திருக்கும். பொழுது சாய்ந்தால் பின்னால் வரும் வண்டிக்காரனுக்குத் தெரியவேண்டுமாம்.

கடைத்தெருவில் சைக்கிள் வாடகைக்கு விடும் கடையில் உட்கார்ந்திருக்கும் வெட்டிப் பையன்கள் அவருக்கு 'எறங்கி' என்று பெயர் வைத்திருந்தார்கள். காரணம் எல்லோருக்கும் தெரியும். அவர் எதற்கும் இறங்குவார். மாட்டுவண்டிக்கு இறங்குவார். ஆட்டு மந்தைக்கு இறங்குவார். வண்ணாரின் கழுதை துணிமூட்டையோடு நடுரோட்டில் நின்று யோசித்துக்கொண்டிருந்தால், இறங்கி, ஓரமாக நின்று, அது யோசித்து முடிக்கும் வரை காத்திருப்பார். அப்போதெல்லாம் பையன்கள் கழுதையைப் பார்த்துச் சொல்வார்கள்: "ஏ, மரியாதையா ஒதுங்கு. டிரஸ்ஸரு உனக்காக எறங்கிட்டாரு இல்ல?" அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். சிரித்துக்கொண்டே மறுபடி ஏறிப் போவார்.

நானும் சிரித்திருக்கிறேன். நான் ரிஜிஸ்திரார் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதுகிறவன். அப்போதுதான் புதிதாக ஒரு சைக்கிள் வாங்கியிருந்தேன். யுத்தத்தில் டயர் கிடைக்காது, டியூப் கிடைக்காது. இருந்தும் வாங்கிவிட்டேன் என்ற பெருமை எனக்கு. பெல்லை அடித்துக்கொண்டே போவேன். கட்டைவிரல் ஓய்வதில்லை.

அவர் பெல் அடிப்பது வேறு மாதிரி. இருபது கஜ தூரத்திலேயே இரண்டு தட்டு, மெதுவாக. அந்தச் சத்தம் கேட்டு முன்னால் போகிறவர் திரும்பிப் பார்க்கவும் ஒதுங்கவும் போதுமான இடம் இருக்கும். திரும்பவில்லை என்றால் மறுபடி அடிக்கமாட்டார். காது கேட்கவில்லை என்று எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார். முதுகுக்குப் பின்னால் வந்து மணி அடிப்பது வழி கேட்பது ஆகாது, பயமுறுத்துவது என்பார். தூங்கிக்கொண்டே வண்டி ஓட்டுகிறவர்களை எழுப்பமாட்டார். மாட்டுக்குத்தான் சொல்வார். வலப்பக்கமாக வருகிறேன் என்று மாட்டிடம் சொல்லிவிட்டுத்தான் தாண்டிப் போவார்.

கோட்டை மலைகளிலிருந்து சீத்தாப்பழமும் விறகும் சுமந்து பெண்கள் வரிசையாக இறங்கும் நேரம் ஒன்று உண்டு. அந்த நேரத்தில் திருவண்ணாமலை ரோட்டில் அவர் சைக்கிளில் உட்கார்ந்து யாரும் பார்த்திருக்க முடியாது. ஓரத்தில் சைக்கிளைச் சாய்த்துப் பிடித்தபடி நிற்பார். கடைசிக் கூடை தாண்டும் வரைக்கும் நிற்பார். ஒருநாள் நான் பக்கத்தில் போய், இவர்களுக்காக இவ்வளவு நேரமா என்று கேட்டேன்.

"தலைச்சுமைக்காரங்களுக்குக் கழுத்து திரும்பாதுங்க ஐயா," என்றார். "நம்ம கழுத்துதான் அவங்களுக்கும் சேத்துத் திரும்பணும்."

அன்று நான் அவரை 'நீ' என்றுதான் சொன்னேன். எப்போதும் அப்படித்தான். அவர் என்னை 'ஐயா' என்பார். எழுதும்போது 'அவர்' என்று கை தானாகப் போடுகிறது. நேரில் ஒருநாளும் வாயில் வந்ததில்லை.

வல்லம் போகும் பாதை பிரியும் இடத்தில் அவர் கை காட்டித் திரும்பியதை நான் பார்த்தது ஒரு மத்தியான வெயிலில். நான் பின்னால் வந்துகொண்டிருந்தது அவருக்குத் தெரியாது. முன்னும் பின்னும் ஓர் ஈ இல்லை. வலது கையைத் தோளுக்கு நேராக நீட்டி, பத்து எண்ணும் நேரம் வைத்திருந்து, அப்புறம் திரும்பினார். நான் எட்டிப் பிடித்து, யாருக்கய்யா கை காட்டுகிறாய், கானல்நீருக்கா என்று கேலி செய்தேன். யாரும் இல்லை என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம், இருந்தால் என்ன செய்வது என்றார். அவர் வாய் மூடவில்லை, புளியமரத்துக்குப் பின்னாலிருந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு ஒருவர் வெளியே வந்தார். நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். அவரைப் பற்றி எனக்குக் கூச்சமில்லாமல் நினைக்க முடிகிற கடைசிச் சிரிப்பு அது.

விளக்கு விஷயம் இன்னொன்று. விளக்கில்லாமல் சைக்கிள் ஓட்டினால் போலீஸ்காரர் பிடிப்பார். ஆனால் யுத்தத்தில் மண்ணெண்ணெய்க்கு ரேஷன். வீட்டு விளக்குக்கே இல்லை, சைக்கிள் விளக்குக்கு எங்கே போவது? நாங்கள் எல்லோரும் வெறும் விளக்கை மாட்டிக்கொண்டு போவோம். போலீஸ்காரர் கேட்டால் இப்போதுதான் அணைந்தது என்போம். கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துச் சில்லென்று இருப்பதைக் கண்டு அவரும் சிரித்துவிட்டு விட்டுவிடுவார். இவர் மட்டும் எண்ணெய் இல்லாத நாளில் பொழுது இறங்கியதும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பார். ஐந்து மைல் என்றாலும் நடப்பார். உனக்குத்தான் கண்ணைக் கட்டினாலும் வழி தெரியுமே என்றேன். வழி தனக்குத் தெரியும், எதிரே வருகிறவனுக்குத் தன்னைத் தெரியவேண்டாமா என்றார்.

இதையெல்லாம் நான் பணிவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் பயந்த சுபாவம் என்றும். எங்கள் தெருவைப் பற்றிச் சொன்னால்தான் நான் ஏன் அப்படி நினைத்தேன் என்பது விளங்கும்.

எங்கள் தெருவில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. சேரியிலிருந்து வருகிறவர்கள் தெருவுக்குள் சைக்கிளில் உட்கார்ந்து வரக்கூடாது. முனையில் இறங்கி, தள்ளிக்கொண்டு போய், மறுமுனையில்தான் ஏறவேண்டும். தொன்றுதொட்டு வந்த வழக்கம் என்பார்கள். சைக்கிள் செஞ்சிக்கு வந்ததே நான் பிறந்த பிறகுதான். குதிரைக்கும் பல்லக்குக்கும் வைத்திருந்ததை எடுத்துச் சைக்கிளுக்கு மாட்டிக்கொண்டார்கள், அவ்வளவுதான். நாங்கள் வேதக்காரர்கள். அவரும் வேதக்காரர். ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஒரே கூரைக்குக் கீழேதான் முழங்கால் போட்டோம். நடுவில் இடுப்பளவு மரக்கிராதி இருந்தது; இந்தப்பக்கம் நாங்கள், அந்தப்பக்கம் அவரும் மற்றச் சேரிக்காரர்களும். எனவே அவர் எங்கள் தெருமுனையில் இறங்கும்போது நான் அதைக் கவனித்ததே இல்லை. கழுதைக்கு இறங்கியதைக் கவனித்துச் சிரித்தவன், எங்களுக்கு இறங்கியதைப் பார்க்கவில்லை.

அதை அவரே எனக்குச் சொன்னார். நான் கேட்டதால் சொன்னார்.

வல்லத்தில் ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிவிட்டுத் திரும்பும்போது என் சைக்கிள் சங்கிலி அறுந்துவிட்டது. தள்ளிக்கொண்டு வந்தேன். பின்னால் இரண்டு தட்டு பெல் கேட்டது. அவர் இறங்கிக்கொண்டார். நீ போ என்றேன். போகவில்லை. கூடவே நடந்தார். வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவில் அவ்வளவு நீளமான ரோட்டில் பேச வேறெதுவும் இல்லாமல், கழுதைக்கெல்லாம் எதற்கு இறங்குகிறாய், அசிங்கமாக இல்லையா என்று கேட்டேன்.

ரோட்டில் கிடந்த ஒரு கல்லைக் காலால் ஓரமாகத் தள்ளினார். பிறகு சொன்னார்.

"உங்க தெருவுல நான் எறங்கித்தான் ஆவணும். அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அங்க மட்டும் எறங்கினா, எறக்கிவிட்டது நீங்க. நான் எல்லாத்துக்கும் எறங்கறன். இப்ப எறங்கறது நானு."

அவர் குரல் உயரவில்லை. எப்போதும் புண்ணுக்குத் துணி சுற்றுகிறபோது பேசுவாரே, அதே குரல். அப்புறம், அப்படி ஆரம்பித்ததுதான், ஆனால் இறங்கி நின்று பார்த்தால் ரோட்டில் எத்தனை பேர் போகிறார்கள் என்று தெரிகிறது, சைக்கிள் மேல் இருந்தால் தெரிவதில்லை என்றும் சொன்னார். செஞ்சி வந்தது. எங்கள் தெருமுனையும் வந்தது. இரண்டு பேருமே சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் அதற்குள் போனோம். ஒருத்தருக்குச் சங்கிலி அறுந்திருந்தது.

ஆக, அந்த மனிதருக்கு இறங்குவது என்றால் என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள வழியில்லை.

இனி அந்த ஐந்து பத்து. பத்திரத்தில் நான்கெல்லை எழுதிப் பழகியவன் நான். கிழக்கே மளிகைக்கடை. மேற்கே கோட்டையிலிருந்து எப்போதோ உருட்டி வந்து போட்ட கல்தூண். தெற்கே கடைத்தெரு. வடக்கே எங்கள் தெரு. இந்த நான்கெல்லைக்கு உட்பட்ட மூன்று கஜ இடத்தில்தான் நடந்தது. ஐப்பசி மாதம், மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்து வந்துகொண்டிருந்தேன். பிலோமினா என்று பெயர், பிலோ என்று கூப்பிடுவோம். அவளைச் சைக்கிளின் முன் பாரில் உட்காரவைத்திருந்தேன். அப்படி உட்காரவைக்கக்கூடாது என்று என் மனைவி பலமுறை சொல்லியிருந்தாள். அன்று காலையிலும் சொல்லியிருந்தாள்.

மழைக்கு முன்னால் போய்விடலாம் என்று வேகமாக மிதித்தேன். எங்கள் தெரு வலப்பக்கம் திரும்பவேண்டும். நேராகப் போய், அகலமாகச் சுற்றி, தெருவின் இடது ஓரத்தில் நுழைவதுதான் முறை. நான் அப்படிச் செய்யவில்லை. மளிகைக்கடை மூலையைக் குறுக்கே வெட்டி, வலது ஓரமாகவே திரும்பினேன். கை காட்டவில்லை. பிரேக்கைத் தொடவில்லை. பெல் மட்டும் அடித்தேன்.

திரும்பியதும் எதிரே ஒரு முதுகு. சீத்தாப்பழக் கூடை சுமந்த பெண், தெருவுக்குள் போய்க்கொண்டிருந்தாள். அவள் முதுகில் மணியை அடித்தேன். கழுத்தைத் திருப்ப முடியாமல் அவள் நின்றுவிட்டாள். ஹேண்டிலை இன்னும் வலதுபக்கம் ஒடித்தேன். அங்கே, கடைச் சுவரோடு ஒட்டி, அவர் நின்றுகொண்டிருந்தார். தெருவிலிருந்து வெளியே வருகிறவர். முனையைத் தாண்டவில்லை, அதனால் இன்னும் ஏறவில்லை. கூடைக்காரி போகட்டும் என்று சைக்கிளைச் சுவரில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, இரண்டு காலும் தரையில் இருக்க, நின்றுகொண்டிருந்தார். நான் நேராக அவர் சைக்கிளில் போய் மோதினேன். பிலோவின் கால் உள்ளே போனது.

அவள் கத்தவில்லை. மூச்சை இழுத்தாள், அவ்வளவுதான். நான் ஹேண்டிலைப் பிடித்தபடியே நின்றேன். அவர்தான் தம் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு, என் முன்சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து, பின்பக்கமாக ஒரு விரல்கடை உருட்டி, ஒரு கம்பியை வளைத்து, காலை வெளியே எடுத்தார். பெட்டியைத் திறந்தார். குதிகாலுக்கு மேலே சதை பிளந்து வெள்ளையாகத் தெரிந்தது. அவளைக் கல்தூணில் உட்காரவைத்துத் தரையில் மண்டியிட்டார்.

அதற்குள் கூட்டம் வந்துவிட்டது. மளிகைக்கடைக்காரர் கடையை விட்டு இறங்கி வந்தார். தெருவில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. குழந்தையைப் பார்த்தார், ரத்தத்தைப் பார்த்தார், மண்டியிட்டிருந்தவரைப் பார்த்தார். என் மனைவி வீட்டு வாசலிலிருந்து ஓடிவருவதை நான் பார்த்தேன்.

"இன்னாய்யா ஆச்சு?" என்றார் கடைக்காரர் என்னிடம். "இவன் எறங்காம வந்துட்டானா?"

"ஆமாம்," என்றேன்.

மனைவி பக்கத்தில் வந்துவிட்டிருந்தாள். அவளுக்கும் அது கேட்டது. அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அதுவே எனக்கு அப்போது பெரிய நிம்மதியாக இருந்தது என்பதை எழுதித்தான் ஆகவேண்டும்.

அந்தக் கூட்டத்தில் இருந்த ஒவ்வொருவரும் அவர் கழுதைக்கு இறங்கியதைப் பார்த்துச் சிரித்தவர்கள். வாடகைச் சைக்கிள் கடைப் பையன்களும் இருந்தார்கள். ஊரே 'எறங்கி' என்று பெயர் வைத்த மனிதன் இறங்கவில்லை என்று நான் சொன்னதை, ஒருவர்கூட ஒரு கணம் சந்தேகப்படவில்லை. கூடைக்காரி மட்டும் என்னைப் பார்த்தாள். பிறகு கூடையோடு போய்விட்டாள்.

அவர் தலைநிமிரவில்லை. துணியைச் சுற்றிக்கொண்டிருந்த கை ஒரு சுற்றுக்கு நின்றது, பிறகு சுற்றியது. முடிச்சுப் போட்டுவிட்டு, கம்பியில் துரு இருக்கும், ஜன்னி வராமல் இருக்க இன்றே ஊசி போடவேண்டும், வண்டி கட்டி மிஷனுக்குக் கொண்டுவாருங்கள் என்று என் மனைவியிடம் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை.

வண்டி கட்டிப் போய் ஊசி போட்டுத் திரும்பினோம். அன்று ராத்திரியே தெருக்காரர்கள் கூடிக் கட்டுப்பாடு பேசிவிட்டார்கள். இனி அவர் அந்தத் தெருவில் காலே வைக்கக்கூடாது. சைக்கிளோடும் கூடாது, நடந்தும் கூடாது. ஏரிக்கு அப்பாலிருந்து ஊருக்குள் வர எங்கள் தெருதான் குறுக்குவழி. இனி அவர் ஏரிக்கரை முழுதும் சுற்றித்தான் கடைத்தெருவுக்கு வரவேண்டும். இரண்டு மைல் கூடுதல். வல்லத்துக்காரர்களுக்கும் தளவானூர்க்காரர்களுக்கும் டிரஸ்ஸர் இப்போதெல்லாம் ஏன் நேரங்கழித்து வருகிறார் என்று தெரிந்திருக்காது.

ஆனால் என் மகளின் காலுக்குத் தினமும் கட்டு மாற்றவேண்டுமே? மாற்றினார். மறுநாள் காலை ஏழு மணிக்கு எங்கள் கொல்லைப்புற மூங்கில் படல் பக்கம் இரண்டு தட்டு பெல் கேட்டது. ஏரிக்கரையிலிருந்து வயல் வரப்பு வழியாக வந்திருந்தார். வரப்பில் சைக்கிள் ஓடாது. தள்ளிக்கொண்டு வந்து, படலில் சாய்த்துவிட்டு, கொல்லையில் முருங்கை மரத்தடியில் உட்கார்ந்து கட்டு மாற்றினார். தெருவின் கட்டுப்பாட்டை மீறவில்லை. அப்படியே ஒன்பது நாள் வந்தார். மனைவி வெந்நீர் வைப்பாள். நான் விளக்கு பிடிப்பதுபோல் அங்கே சும்மா நிற்பேன். பிலோவிடம் மட்டும் பேசுவார். வலிக்குமா என்று அவள் கேட்டால், வலிக்கும், எண்ணிக்கொண்டிரு, இருபதுக்குள் முடித்துவிடுகிறேன் என்பார். பதினெட்டில் முடிப்பார்.

நாலாவது நாள் அவர் போனபின் அவள் என்னைக் கேட்டாள்.

"நைனா, அவரு எறங்கித்தானே நின்னுக்கிட்டு இருந்தாரு?"

"பேசாம படு," என்றேன். "ஜுரம் வந்துடும்."

அதன்பிறகு ஏழு வருஷமாக அவள் அதைக் கேட்கவில்லை. மறந்துவிட்டாள் என்று நான் நினைக்கவில்லை.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சாமியாரிடம் பொய் சொன்னதாகச் சொன்னேன். என்ன பொய் என்று கேட்டார். சொன்னேன். அவர் ஜெபம் எதுவும் சொல்லச் சொல்லவில்லை. எங்கே சொன்னாயோ அங்கேயே போய் மாற்றிச் சொல், அதுதான் உனக்கு அபராதம் என்றார். கோயிலிலிருந்து வீட்டுக்கு வர மளிகைக்கடையைத் தாண்டித்தான் வரவேண்டும். தாண்டி வந்தேன்.

அபராதத்தை முடிக்காதவன் பூசையில் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்கக்கூடாது. அடுத்தடுத்த ஞாயிறுகளில் நான் தலைவலி என்று பின்வரிசையில் உட்கார்ந்துவிடுவேன். கிராதிக்கு அந்தப்பக்கம் அவர் போய் நாக்கை நீட்டி நன்மை வாங்குவார். மறுவருஷம் வேறொரு மிஷனுக்கு அவரை மாற்றினார்கள். எந்த ஊர் என்று விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை.

இப்போது பிலோவுக்குப் பதினைந்து வயது. கன்னியாஸ்திரிகளின் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அங்கே பெரிய பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுக்கிறார்களாம், தகப்பன் சம்மதம் எழுதித் தரவேண்டுமாம். ஊரார் சொத்துக்கெல்லாம் எழுதித் தருகிற நான் அந்த நாலு வரிக்கு ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன். எப்போது கண்ணை மூடினாலும் கம்பிக்குள் கால். கடைசியில் எழுதினேன். சம்மதத்துக்குக் கீழே, இடது ஓரமாகப் போ, திரும்பும்போது யாரும் இல்லாவிட்டாலும் கை காட்டு, முதுகில் மணி அடிக்காதே, தலைச்சுமைக்காரர் வந்தால் இறங்கி நில் என்றும் எழுதினேன். எழுதிப் படித்துப் பார்த்தபோது ஒரு சொல்கூட என்னுடையது இல்லை. கையெழுத்து மட்டும் என்னுடையது. அதற்குப் பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பத்தாவது நாளைப் பற்றி இன்னும் சொல்லவில்லை.

எட்டாம் நாளிலிருந்தே மழை. ஒன்பதாம் நாள் கட்டு மாற்றும்போது அவர் கணுக்காலை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, உள்ளே சீழ் பிடித்திருக்கலாம், நாளைக்கும் வீக்கம் இருந்தால் கீறி எடுக்கவேண்டும், சிஸ்டரிடம் கேட்டுக் கத்தியோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று இரவு முழுவதும் கொட்டியது. விடியும்போது கால் முழங்கால் வரை வீங்கிப் பளபளவென்று இருந்தது. சிவப்பாக ஒரு கோடு மேலே ஏறிக்கொண்டிருந்தது. பிலோ பிதற்றினாள். ஏழு மணி ஆயிற்று. பெல் கேட்கவில்லை.

ஏழரைக்குக் கொல்லைப் படலைத் திறந்து பார்த்தேன். ஏரி நிரம்பி, உபரிநீர் வெளியேறும் கலங்கல் வழிந்துகொண்டிருந்தது. அவர் வரும் வரப்பு தண்ணீருக்குள் போய்விட்டது. கரைக்கும் எங்கள் படலுக்கும் நடுவில் ஒரே வெள்ளம். மிஷனிலிருந்து எங்கள் வீட்டுக்கு அப்போது ஒரே ஒரு வழிதான் இருந்தது. மேட்டில் இருக்கும் எங்கள் தெரு.

மனைவி ஜெபமாலையோடு பிலோவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். வண்டி கட்டிக் கொண்டுபோகலாமா என்றாள். தெருவில் வண்டி வைத்திருந்தவர் மாடுகளை ஓட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருந்தார். நான் வாசல்பக்கம் போனேன். தெருமுனை தெரிந்தது. மளிகைக்கடைக்காரர் கடை திறந்து சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் வாசலிலிருந்து அந்தக் கடைக்கு நாற்பது அடி. போய், அவர் இறங்கித்தான் நின்றார், நான்தான் தப்பாகத் திரும்பினேன் என்று சொன்னால் போதும். கட்டுப்பாடு போய்விடும். யாரையாவது மிஷனுக்கு அனுப்பி, தெருவழியாக வாருங்கள் என்று அழைத்து வந்துவிடலாம்.

வாசல்படியில் ஒரு காலை வைத்தேன். பிலோ ஏதோ கூப்பிட்டாள். அதைச் சாக்காக வைத்துக்கொண்டு உள்ளே வந்தேன். மறுபடி போனேன். கடைக்காரர் நிமிர்ந்து, "கொழந்தைக்கு எப்படி இருக்குது?" என்றார். பரவாயில்லை என்றேன். மறுபடி உள்ளே வந்தேன்.

மாதாவிடம் வேண்டிக்கொண்டேன். அவரை எப்படியாவது அனுப்பிவிடு, வந்ததும் முனைக்குப் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று. என் குழந்தைக்கு வழியை அடைத்து நிற்பது நான் சொன்ன வார்த்தை; அதை எடுப்பதற்கு மாதாவிடம் பேரம்.

ஒன்பதரை மணிக்கு நான் கொல்லைப் படலருகே மழையில் நின்றுகொண்டிருந்தபோது, வெள்ளத்தில் ஒரு தகரப்பெட்டி வந்தது. அதற்குக் கீழே அவர் தலை. மார்பளவு தண்ணீரில், வரப்பு எங்கே இருக்கிறது என்று காலால் தடவித் தடவி, ஒவ்வொரு அடியாக வந்தார். சைக்கிளைக் கரையில் விட்டிருந்தார். கிட்டே வந்ததும் பெட்டியை என் கையில் கொடுத்தார். அதுதான் அத்தனை நாளில் அவர் என்னிடம் கொடுத்த முதல் வேலை. படலைப் பிடித்து ஏறி, வேட்டியைப் பிழிந்துவிட்டு, வெந்நீர் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனார். முருங்கை மரத்தடியில் உட்கார முடியாது. முதல்முறையாக எங்கள் வீட்டுக்குள் வந்தார். வரலாமா என்று அவர் கேட்கவில்லை. நாங்களும் வா என்று சொல்லவில்லை.

பிலோவை எண்ணச் சொன்னார். அவள் முப்பத்தொன்று வரை எண்ணவேண்டியிருந்தது. சீழ் வெளியே வந்ததும் அவள் அப்படியே தூங்கிப்போனாள். அவர் அரைமணி நேரம் நாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு, இனி ஜுரம் இறங்கிவிடும் என்று என் மனைவியிடம் சொன்னார். அவள் அழுதாள்.

படல் வரைக்கும் கூடப் போனேன். மழை விட்டிருந்தது. அவர் பெட்டியைத் துணியில் சுற்றித் தலையில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். சுற்றுமுற்றும் பார்த்தேன். யாரும் இல்லை. அதனால்தான் எனக்கு வாய் வந்தது.

"அன்னிக்கு நீ எறங்கித்தான் நின்ன," என்றேன். "எனக்குத் தெரியும்."

அவர் முடிச்சை இறுக்கினார். தலையில் சுமை இருந்ததால் என் பக்கம் திரும்பவில்லை. தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னார்:

"எனக்கும் தெரியும் ஐயா. பாப்பாவுக்கும் தெரியும். தெருவுக்குத்தான் தெரியாது."